ழகரம் செய்த வேலை

மட்டக்களப்புக்கு வந்தவர் பாயோடு ஒட்டிக்கொள்வர் என்று ஒரு பழம்பேச்சு உண்டு. எம்மவர் மந்திரத்தால் விருந்தினரைக் கட்டிப்போடுகின்றனர் என்று அயலூரார் கட்டிய கதை அது. மந்திரம் உண்டோ இல்லையோ, எருமைத் தயிரும் வாவி மீனும் உண்டவருக்கு எழுந்து செல்ல மனம் வராதது இயல்புதானே என்று நாம் சிரித்துக்கொண்டு விடை கூறுவது வழக்கம். ஆனால் 2022 ஆம் ஆண்டில் அந்தப் பேச்சை எடுக்கவே நாக் கூசியது. வந்தவர் ஒட்டிக்கொள்வது ஒருபுறமிருக்க, இங்கு பிறந்தவர்களே பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தனர்.

அந்த ஆண்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருளுக்கு நெடுவரிசை, அடுப்பெரிக்க வாயு இல்லை, ஆண்டின் தொடக்கத்தில் இருநூறு ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் ஆனி மாதத்துக்குள் முந்நூற்றறுபதைத் தொட்டது. வேலைக்காக அவ்வாண்டில் நாட்டை விட்டுச் சென்றவர் தொகை மூன்று இலட்சத்துக்கும் மேல் என்பது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கணக்கு. அந்தப் பெருந்தொகையில் ஒருவன் எமது பழைய மாணவன். அவனுடைய கடதாசிகளைப் பற்றியதே இக்கட்டுரை. கடதாசியில் என்ன சுவை இருக்கப்போகிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவற்றுள் ஒன்றில் எமது கைவரிசையும் இருந்தது.

பெற்றோல் இல்லாமையாற் பள்ளிகள் மூடப்பட்டிருந்த நாள்கள் அவை. ஒரு மாலைப்பொழுதில், தாயைத் துவிச்சக்கர வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு அவன் எமது வாயிலில் வந்து இறங்கினான். எமது வாவியைப் பற்றி அறியாத மாணவருக்கு ஒரு சொல்: ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமுமாக முன்னோர் பெயரிட்டனர். வயலும் காடும் படுவான்கரையிலும், கந்தோரும் கல்லூரியும் பெரும்பாலும் எழுவான்கரையிலும் அமைந்தன. அவர்கள் அம்பிளாந்துறையிற் ‘பாதை’யேறி, குருக்கள்மடத்துக் கரையில் இறங்கி வந்தவர்கள். நீரின்மேல் மிதந்து வரும் தெப்பத்தைப் பாதை என்று அழைப்பது எங்கள் நாட்டு வழக்கு. வேற்றூரார் கேட்டு வியப்பர்.

தாய் முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுக்கவும் மறந்து நின்றார். மகன் ஒரு பிளாஸ்ரிக் கோவையை எமது மேசைமேல் வைத்தான். “சேர், கட்டாருக்கு வேலை சரிவந்திற்று. ஆனா ஒரு சிக்கல்” என்றான்.

மின்னியல் பயின்று தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றவன் அவன். டோஹா நகரில் ஒரு நிறுவனம் அவனுக்கு வேலை தருவதாக எழுத்தில் உறுதி தந்திருந்தது. அவ்வாண்டுக் கார்த்திகையில் அங்கு உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கவிருந்தது. ஆகையால் ஆள் தேவை மிகுதி; ஆனாற் பொறுத்திருக்கவும் மாட்டார்கள். ஆடி மாத முடிவுக்குள் விசாவுக்கான கடதாசிகள் யாவும் ஒப்பேற வேண்டும். ஒரு கட்டார் றியாலுக்கு அந்நாளில் எங்கள் காசு நூறு ரூபாவளவு கிடைத்தது. இரண்டு தங்கைமாரும் தகப்பனில்லாத வீடும் உடையவன். எங்கள் பகுதியிற் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் செய்விப்பர். தாய் வீடு மூத்தவளுக்கு என்றால் இளையவளுக்கு இன்னொன்று எழும்ப வேண்டும். அந்த இன்னொரு வீடு, சீமெந்து விலை ஏறியதால் யன்னல் மட்டத்தில் நின்றுவிட்டிருந்தது. தாயின் கழுத்தும் வெறுமையாயிருந்ததைப் பின்னர்தான் கவனித்தோம். நகை அடகுக் கடைக்குச் சென்று, மருத்துவப் பரிசோதனைக்கும் கொழும்புப் பயணத்துக்கும் காசாக மாறியிருந்தது.

கோவையைத் திறந்தோம். பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தன; அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பொலிஸ் நற்சான்று, தொழிற்றகைமைச் சான்றிதழ், சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. கல்விச் சான்றிதழ்களை முதலில் எமது வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்த வேண்டும். அதன்பின் தூதரகம் தன் முத்திரையை இட வேண்டும். அதாவது, ஒரு கந்தோர் இட்ட முத்திரை மெய்யானதே என்று இன்னொரு கந்தோர் முத்திரையிடும். அம்முத்திரை மெய்யானதே என்று மூன்றாவது கந்தோர் முத்திரையிடும். இவ்வளவு முத்திரைகளும் ஒரே ஒரு பெயரின்மேல் ஏறி நிற்கின்றன. அப்பெயர் தடுமாறினாற் கோபுரமே சரியும்.

சரிந்துதான் விட்டது. எல்லாக் கடதாசிகளிலும் ஒரேவிதமாக எழுதப்பட்டிருந்த அவன் பெயர், சாதாரண தரச் சான்றிதழில் மட்டும் வேறுவிதமாக இருந்தது. அவன் பெயரில் ஒரு ழகரம் உண்டு. கடவுச்சீட்டு முதலியவற்றில் அது ‘எல்’ என்னும் ஓர் ஆங்கில எழுத்தாக நின்றது. சான்றிதழிலோ ‘இசட், எச்’ என்று இரண்டெழுத்தாக நின்றது.

அந்த இரண்டெழுத்தைக் கண்டதும் எமக்கு உள்ளங்கை வியர்த்தது. அதை எழுதியவர் யார் என்று எமக்குத் தெரியும்.

2007 ஆம் ஆண்டு பங்குனியில் படுவான்கரை மக்கள் போரினால் இடம்பெயர்ந்து, உடுத்த துணியோடு எழுவான்கரைக்கு வந்தனர். கோயில்களிலும் பள்ளிகளிலும் கூடாரங்களிலும் தங்கினர். அந்தப் பிள்ளைகளிற் பலரை எமது கல்லூரி சேர்த்துக்கொண்டது. பிறப்பத்தாட்சிப் பத்திரம் யார் கையில் இருந்தது? சொன்ன பெயரே பெயர், சொன்ன வயதே வயது. இரண்டாண்டு கழித்து, 2009 இல் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் நாள் வந்தது. நாம் அவ்வகுப்பின் ஆசிரியர், வயது முப்பத்தொன்று, தமிழிலே சிறப்புப் பட்டம் பெற்று வந்த சூடு ஆறாத காலம். சிறப்பு ழகரத்தின் பெருமையைப் பற்றி மூன்று பாடவேளை தொடர்ந்து பேசவல்லோம். பையன் தன் பெயரை ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டுத்தான் எழுதியிருந்தான். தகப்பன் அப்படித்தான் எழுதப் பழக்கியிருந்தாராம். நாம் அதைக் கண்டு உச்சுக்கொட்டினோம். “தம்பி, தமிழுக்கே உரிய எழுத்தைக் கொல்லலாமா?” என்று கேட்டு, சிவப்பு மையால் வெட்டி, இரண்டெழுத்தைப் புகுத்தினோம். மற்றப் பிள்ளைகளுக்குப் பலகையிலும் எழுதிக் காட்டினோம். சேர்வு இடாப்பிலும் அவ்வண்ணமே பதிந்தோம்.

இப்பொழுது எண்ணிப் பார்க்கையில் அதில் எத்தனை அறியாமை! ‘தமிழ்’ என்னும் சொல்லையே ஆங்கிலேயர் ‘எல்’ போட்டுத்தானே எழுதினர்? ‘யாழ்’ என்பதை எங்கள் நாட்டில் ‘ஆர், எல்’ என்று எழுதுவாரும் உளர். மேலும், உண்மையை ஒப்புக்கொள்வோம்: ஈழத்தில் ழகரத்தை ளகரம் போலவே ஒலிப்போர் மிகப் பலர். அந்தத் தகப்பனார் தம் மகனை வாயார எப்படி அழைத்தாரோ அப்படியே எழுதியிருந்தார். அவர் எழுத்து அவர் நாவுக்கு உண்மையாயிருந்தது. நாம்தாம் அவருடைய நாவைத் திருத்தப் புறப்பட்டோம்.

முன்னாளில் இதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. எங்கள் மண்ணின் பெரியார் விபுலாநந்த அடிகள் 1892 இற் காரைதீவிற் பிறந்தபோது மயில்வாகனன். 1922 இற் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தபின் பிரபோத சைதன்யர். 1924 இல் துறவு பூண்டபின் விபுலாநந்தர். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டம் ஒரு பெயரில். 1947 இல் யாழ் நூல் வெளிவந்தது இன்னொரு பெயரில். அவர் இந்நாளில் வேலை விசாவுக்கு விண்ணப்பித்தால், மூன்று ஆட்களும் ஒருவரே என்று எத்தனை சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கும்!

உலகம் பின்னர் மாறிவிட்டது. முதலாம் உலகப் போரின் பின், 1920 இற் பாரிசிற் கூடிய மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. 1980 இல், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் இயந்திரம் வாசிக்கத்தக்க கடவுச்சீட்டுக்கு விதி செய்தது. உங்கள் வீட்டிற் கடவுச்சீட்டு இருந்தால், படமுள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு வரிகள், வரிக்கு 44 இடங்கள், முதல் வரியிற் பெயருக்கு உரியவை 39. எங்கள் பெயர்களோ தந்தை பெயரும் தன் பெயருமாக, ‘பிள்ளை’யும் ‘மூர்த்தி’யும் சேர்ந்து, தேர்வடம் போல நீண்டவை. குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத எங்களிடம் ‘குடும்பப் பெயர் எது?’ என்று படிவம் கேட்கிறது. நாங்கள் தந்தை பெயரை அக்கட்டத்தில் இடுகிறோம். அந்நியர் பலர் எங்களைத் தந்தை பெயர் சொல்லி அழைப்பது இதனாலேயே. அரபு நாட்டார் இவ்வகையில் எமக்கு உறவினர். அவர்களும் தம் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று அடுக்குபவர்களே. ஆயின் அவர்கள் மொழியிற் பகர வல்லொலி இல்லை. ‘பிள்ளை’ அங்கு போனதும் மென்மையுற்றுவிடும்.

கதைக்கு வருவோம். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்தாற் போதாதா என்று கேட்டோம். அதை ஏற்கெனவே செய்திருந்தான். கிராம உத்தியோகத்தரின் கடிதமும் இணைத்திருந்தான். கொழும்பிலிருந்த முகவர், சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்று நிறுவனம் கூறிவிட்டதாகச் சொல்லிக் கையை விரித்தாராம். இனி ஒரே வழி, பரீட்சைத் திணைக்களத்திற் சான்றிதழைத் திருத்துவிப்பது. அதற்குக் கல்லூரியிலிருந்து விளக்கக் கடிதம் வேண்டும்.

அவன் விளக்கிக்கொண்டிருக்கையில் தாய் இடையிட்டார். “இது நீங்க போட்ட எழுத்தாம், சேர். மகன் அண்டைக்கு வந்து சொன்னவன். பெரிய எழுத்து எண்டு நாங்களும் சந்தோசப்பட்டம்” என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் அணுவளவும் இல்லை. இருந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அதிபரின் அனுமதியோடு கந்தோர் அறையைத் திறந்து, பழைய இடாப்பைத் தேடி எடுத்தோம். எமது கையெழுத்து, கொழுகொழுவென்று, இளமைச் செருக்கோடு இருந்தது. கடிதம் எழுத அமர்ந்தோம். “எழுதுவினைஞரின் கவனக்குறைவு என்று ஒரு வரி போட்டுவிடலாமே, எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள்” என்று ஒரு சக ஆசிரியர் ஆலோசனை கூறினார். அக்காலத்தில் எமது கல்லூரியில் இருந்த எழுதுவினைஞர் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டவர். யாருக்கும் நட்டமில்லை. நேயர்களே, மறைக்காமற் சொல்கிறோம்: அவ்வரியை நாம் எழுதினோம். எழுதி, தட்டச்சிட்டு, முத்திரையிடுமுன் பையனிடம் வாசிக்கக் கொடுத்தோம்.

அவன் ஒருமுறை வாசித்தான். மறுமுறையும் வாசித்தான். “சேர், அவர்தானே எங்களுக்குக் கொப்பி வாங்கித் தந்தவர்” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை; கடிதத்தை மடிக்காமல் மேசைமேல் வைத்தான்.

உண்மைதான். 2007 இல் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் ஒற்றைத் தாள்களில் எழுதிக்கொண்டிருந்தபோது, தம் சம்பளத்திலிருந்து நாற்பது கொப்பிகளை வாங்கி வந்து, யாரிடமும் சொல்லாமல் வகுப்பு மேசையில் வைத்துச் சென்றவர் அந்த மனிதர். நாம் அவர்களுக்கு ழகரம் கொடுத்தோம்; அவர் கொப்பி கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, வேறொன்று எழுதினோம். ‘மாணவர் தந்த எழுத்தமைப்பை வகுப்பாசிரியராகிய யாமே மாற்றினோம், மாணவரிடத்திலோ அலுவலகத்திலோ பிழை எதுவுமில்லை’ என்ற அந்த இரண்டு வரிக்கு ஒரு முற்பகல் முழுவதும் சென்றது. இருபது ஆண்டு கட்டுரை எழுதக் கற்பித்தவருக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். முன்பு எழுதிய கட்டுரைகள் யாவும் பிறரைப் பற்றியவை.

கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல், நாமே அவனோடு செல்வதென்று முடிவாயிற்று. கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது நிலவு இருந்தது. மீன் பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான். வண்டி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இரவுப் புகைவண்டியில் நெருக்கம் சொல்லி முடியாது. பெற்றோல் இல்லாத நாட்டிற் புகைவண்டியைத் தவிர வேறு வாகனம் ஏது? ஏறாவூர், வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலனறுவை என்று ஊர்கள் இருளிற் கழிந்தன. கோவையை மார்போடு அணைத்துக்கொண்டு, நின்றபடியே அவன் உறங்கினான். பிள்ளையை அணைத்திருக்கும் தாய்போல இருந்தது அக்காட்சி.

பத்தரமுல்லையிற் பரீட்சைத் திணைக்களத்துக் கருமபீடத்தில் ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். எமது கடிதத்தின் ஆங்கிலப் பிரதியை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “ஆசிரியர் நீங்கள்தானா? ஏன் மாற்றினீர்கள்?” என்று தம் மொழியில் வினவினார். எமது சிங்களம் கடைத்தெரு அளவில் நிற்பது. ஆகவே விளக்கத்தை விட்டுவிட்டு, ழகரத்தை ஒலித்தே காட்டினோம். அந்த ஒலி சிங்களத்தில் இல்லை. அவர் முயன்று பார்த்தார், ளகரம் வந்தது. மீண்டும் முயன்றார், ரகரம் வந்தது. அடுத்த மேசையிலிருந்தவரும் முயன்றார். அந்தக் கடுமையான மாதத்தில், அந்த நீண்ட அறையில், நான்கு பேர் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு அவர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் மொழிபெயர்ப்பையும் வரிவரியாக ஒப்பிட்டு, இடாப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி, விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். பதினோராம் நாள் திருத்திய சான்றிதழ் கைக்கு வந்தது.

மற்றவை விரைவில் முடிந்தன. கொன்சியூலர் பிரிவின் முத்திரை, தூதரகத்தின் முத்திரை. பிறகு, 2018 இற் கொழும்பிலே திறக்கப்பட்ட கட்டார் விசா நிலையத்தில் விரலடையாளம், கண், குருதி, ஒப்பந்தக் கையொப்பம். ஒப்பந்தத்தைக் கையொப்பமிடுமுன் முழுவதும் வாசி என்று மட்டும் நாம் வற்புறுத்தினோம்; சம்பளம், தங்குமிடம், உணவு, விடுமுறைப் பயணச்சீட்டு ஆகிய நான்கையும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னோம். முகவர் வாய்மொழியாகச் சொன்ன தொகைக்கும் கடதாசியில் இருந்த தொகைக்கும் இடையே வேறுபாடு இல்லை. அப்படி வேறுபட்டு, விமான நிலையத்தில் வைத்து வேறொரு தாளில் கையொப்பமிட்டுச் சென்றவர்களின் கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. இறுதியாக வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்தான். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது அப்பணியகம். பதியாமற் செல்பவர்களுக்குக் காப்புறுதி இல்லை என்பதைப் புறப்படும் அவசரத்திற் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆவணி முதல் வாரத்தில் அவன் விமானமேறினான். நிறுவனம் ஒரு வாரம் பொறுத்ததே பெரிய காரியம்.

அதன்பின் எமது வகுப்பில் விண்ணப்பம் நிரப்பும் நாள் ஆண்டுதோறும் வந்தது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மேசைமேல் விரித்து, பிள்ளை தன் கையால் எழுத, பெற்றோர் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே நாம் தொடுவது. சிவப்புப் பேனாவை அன்று சட்டைப் பையில் வைப்பதில்லை. ழகரத்தின் பெருமையை இப்போதும் சொல்கிறோம். பலகையிற் சொல்கிறோம், படிவத்திற் சொல்வதில்லை. ‘சேர், எது சரி?’ என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். ‘அம்மா எப்படி எழுதுகிறாரோ அது சரி’ என்றோம். தமிழாசிரியர் சொல்லும் விடையா இது என்று அவள் எம்மை ஐயத்தோடு நோக்கினாள்.

சென்ற தைப்பொங்கலுக்கு முதல் நாள், படுவான்கரையிலிருந்து அத்தாய் வந்தார். கையில் ஒரு சட்டி தயிர். சின்ன மகளுக்குக் கட்டும் வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டதாம். கழுத்திலும் மஞ்சள் மினுங்கியது. வெற்றிலையை எடுத்து, ஆறுதலாகச் சுண்ணாம்பு தடவி, ஊர்ப்புதினமெல்லாம் சொல்லி முடித்தபின், இடுப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை அவிழ்த்தார். வங்கிப் புத்தகம், அடையாள அட்டை, மகன் அனுப்பிய காசுக்கான துண்டு.

“எண்ட பேரில ஒரு எழுத்துப் பிழையாம், சேர். காசு தரேலாது எண்டுறாங்க. உங்களிட்டக் குடுத்தாச் சரியாகும் எண்டு மகன் சொன்னவன்.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டோம். அட்டையில் இரண்டு ‘எல்’; துண்டில் ஒன்று. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டோம்.

“எழுவத்தெட்டுச் சூறாவளியில கூரையோட போன பெட்டிக்குள்ளதான் இருந்தது” என்றார்.

மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தோம்.